கார் ஆடியோ: பாட்டு முன்னால் நிற்க, பின் ஸ்பீக்கரை செட் செய்யும் முறை

கோயம்புத்தூரில் கார் ஆடியோ பொருத்துவதுதான் என் தொழில். கடைக்கு வருபவர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான்: "ண்ணா, நல்ல ஸ்பீக்கராத்தான் போட்டிருக்கேன். ஆனா பாட்டு முதுகுக்குப் பின்னாடி இருந்து வர்ற மாதிரியே இருக்குதுங்க." வண்டியைத் திறந்து பார்த்தால் முன் கதவில் கம்பெனி கொடுத்த ஸ்பீக்கர் அப்படியே இருக்கும். பின்னால் பார்சல் ட்ரேயில் 6×9 இஞ்ச் ஓவல் ஜோடி, அதற்குத் தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). போட்ட காசு முழுவதும் பின்னால் போயிருக்கும். காது சத்தம் அதிகமாக வரும் பக்கத்தைத்தான் காட்டும், அதனால் பாடகர் டிக்கியில் உட்கார்ந்து பாடுகிறார்.

இதற்கு நேர் எதிரான கட்சியும் உண்டு. பின் ஸ்பீக்கரே கூடாது, கப்ளரைக் கழற்றிவிடு என்பார்கள். பாட்டு பின்னால் இழுபடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் நான் அத்தோடு நிறுத்தமாட்டேன். சரியாக செட் செய்த பின் ஸ்பீக்கர், பாட்டை முன்னாலேயே நிற்கவைத்து, சுற்றியுள்ள இடத்தை மட்டும் பெரிதாக்கும். அது ஒரு தனி சுகம். ஒருமுறை கேட்டுவிட்டால் முன் ஸ்பீக்கர் மட்டும் ஓடும் வண்டி மூச்சு முட்டுவது போல இருக்கும்.

கச்சேரிக்குப் போகிறோம். பாடுபவர் எதிரே மேடையில் இருக்கிறார், குரலும் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் சபாவின் பக்கச் சுவரும் பின்சுவரும் அந்தக் குரலைக் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மங்கலாக நமக்குத் திருப்பி அனுப்புகின்றன. கண்ணை மூடினாலும் பெரிய மண்டபத்தில் இருக்கிறோம் என்று தெரிவது அதனால்தான். காருக்குள் கண்ணாடியெல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. பட்டுத் திரும்பும் ஒலி இரண்டு மூன்று மில்லி செகண்டுக்குள் காதுக்கு வந்துவிடும். மூளை உடனே "இது சின்ன டப்பா" என்று முடிவு கட்டிவிடும். பின் ஸ்பீக்கருக்கு நாம் கொடுக்க வேண்டியது அந்தப் பின்சுவரின் வேலையை. தாமதமாக, மங்கலாக, குறைவாக. இந்த மூன்றையும் எப்படிச் செய்வது என்பதுதான் இனி வருவது.

முதலில் முன்பக்கம்

பின் ஸ்பீக்கரை முழுக்க மியூட் செய்யுங்கள். ஹெட் யூனிட் (டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ) மட்டும்தான் என்றால் ஃபேடரை (முன், பின் சத்தத்தைப் பிரிக்கும் செட்டிங்) முழுதாக முன்னால் தள்ளுங்கள். முன்பக்கம் சரியாக நிற்காமல் பின்னால் கை வைத்தால் எது எதனால் கெட்டது என்றே தெரியாது.

கையில் பட்ஜெட் குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் முன்பக்கமே போடுங்கள்: ஒரு காம்பொனென்ட் செட் (கதவு ஸ்பீக்கரும் ட்வீட்டரும் தனித்தனியாக வருவது), ஏ பில்லரிலோ (முன் கண்ணாடியின் ஓரத் தூண்) கண்ணாடி மூலையிலோ ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்), முன் கதவுக்கு அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட். பின்னால் கம்பெனி ஸ்பீக்கரே போதும். நாம் அதனிடம் கேட்கப்போகும் வேலைக்கு அதுவே தாராளம்.

அடுத்து பேட்டரி சோதனை. ஆம்பிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, ஒரு 1.5 வோல்ட் பென் டார்ச் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ் வயரிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொடுங்கள். கோன் (ஸ்பீக்கரின் கூம்பு) வெளியே தள்ளினால் சரி, உள்ளே போனால் எங்கோ வயர் மாறியிருக்கிறது. நான்கு கதவையும் பாருங்கள். கம்பெனி ஹார்னஸ் நிறத்தை நம்பாதீர்கள். ட்வீட்டரை மட்டும் பேட்டரியில் சோதிக்க வேண்டாம்.

அப்புறம் டைம் அலைன்மென்ட், அதாவது பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தி, எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரச் செய்வது. நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார், அதனால் வலது கதவு மிக அருகில், இடது கதவு தூரத்தில். தையல்காரரிடம் இருக்கும் இஞ்ச் டேப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஓட்டும் நிலையில் சீட்டை வைத்து உட்கார்ந்து, மூக்கு இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அளக்க வேண்டும். ஒரு ஹேட்ச்பேக்கில் எப்படி வரும் என்றால், வலது கதவு 95 செ.மீ., இடது கதவு 140, வலது ட்வீட்டர் 100, இடது ட்வீட்டர் 135, பின் வலது கதவு 90, பின் இடது கதவு 125. ஒலி ஒரு மில்லி செகண்டில் ஏறக்குறைய 34.5 செ.மீ. போகும். தூரத்தில் இருப்பது இடது கதவு. அதைவிட வலது கதவு 45 செ.மீ. பக்கத்தில் இருப்பதால் அதற்கு 1.3 மில்லி செகண்ட் தாமதம். வலது ட்வீட்டருக்கு 40 செ.மீ., அதாவது 1.16. இப்படியே மற்றதும்.

இங்கே ஒரு இடத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். சில ஹெட் யூனிட்டில் ஸ்பீக்கர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தூரத்தை எழுத வேண்டும். தாமதத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். சிலவற்றில் செ.மீ. என்று காட்டினாலும் அது தாமதம். இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ். கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு குரல் பாட்டை ஓடவிட்டு, முன் வலது ஸ்பீக்கரின் எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போங்கள். குரல் இடப்பக்கம் நகர்ந்தால் அந்த எண் தாமதம். இன்னும் உங்கள் பக்கமே ஒட்டினால் அது தூரம்.

முடித்ததும் குரல் டேஷ்போர்டின் நடுவில், கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே அசையாமல் நிற்க வேண்டும். அது வரும்வரை பின்னால் போகாதீர்கள்.

பின்னால் எதை வெட்டுவது

ஒலி முன்னால் இருந்து வருகிறதா பின்னால் இருந்து வருகிறதா என்பதைக் காது மடல் பெரும்பாலும் உச்ச ஸ்தாயி ஒலிகளை வைத்துத்தான் பிரிக்கிறது. பின் கதவில் ட்வீட்டர் பளிச்சென்று ஒலித்தால் ஜால்ராவும் "ஸ", "ஷ" ஒலிகளும் தோளுக்குப் பின்னால் இருந்து வரும். எனவே பின் ஸ்பீக்கருக்கு உச்ச ஒலியை வெட்டும் லோ பாஸ் ஃபில்டர் கட்டாயம். நான் 3,000 ஹெர்ட்ஸில் தொடங்கி, வண்டியைப் பொறுத்து 4,000 வரை போவேன். உண்மையான மண்டபத்தின் பின்சுவரும் உச்ச ஒலியைத் திரைச்சீலையிலும் ஆட்களின் மீதும் இழந்துவிட்டுத்தான் அனுப்புகிறது, அதனால் இந்த மங்கல் இயல்பாகவே கேட்கும்.

கீழ்ப்பக்கமும் வெட்ட வேண்டும், 250 அல்லது 300 ஹெர்ட்ஸில் ஹை பாஸ். இதற்குத்தான் கடையில் அதிக எதிர்ப்பு வரும். "பின்னாடி பாஸே வேண்டாமாங்க?" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். பின் ஸ்பீக்கருக்கு 15 மில்லி செகண்ட் தாமதம் கொடுக்கப் போகிறோம். 100 ஹெர்ட்ஸ் ஒலி அந்த நேரத்தில் சரியாக ஒன்றரை சுற்று சுற்றும். முன் கோன் வெளியே தள்ளும்போது பின் கோன் உள்ளே இழுக்கும். தவில் ஒலிக்குக் கனம் கொடுக்கும் இடமே காலியாகிவிடும். பாஸ் வேண்டுமென்றால் முன் கதவிலும் டிக்கியில் சப்வூஃபரிலும் தேடுங்கள். ஸ்லோப், அதாவது ஃபில்டர் வெட்டும் வேகம், ஆக்டேவுக்கு 12 டெசிபல் போதும், லோ பாஸ், ஹை பாஸ் இரண்டிலும்.

பின் கதவிலும் ட்ரேயிலும் இருக்கும் கடகட சத்தத்தையும் இப்போதே அடக்கிவிடுங்கள். உள்ளங்கையால் கதவு பேடை அழுத்திக்கொண்டே பாட்டைக் கேட்டால் எந்த கிளிப் ஆடுகிறது என்று தெரிந்துவிடும். ஃபெல்ட் டேப் ஒரு துண்டு வைத்தால் நிற்கும். பின்னால் ஒரு பிளாஸ்டிக் அதிர்ந்தாலும் கவனம் அங்கே ஓடும், ஃபில்டரெல்லாம் வீண்.

தாமதம்

ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் 1949-ல் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு இன்றுவரை எங்கள் தொழிலுக்குச் சோறு போடுகிறது. ஒரே பேச்சை இரண்டு ஸ்பீக்கரில், ஒன்றைச் சற்றுத் தாமதமாக ஓடவிட்டால், முதலில் வந்த பக்கத்திலிருந்துதான் பேச்சு வருவதாகக் காது எடுத்துக்கொள்கிறது. 10 முதல் 30 மில்லி செகண்ட் தாமதத்தில், இரண்டாவது ஸ்பீக்கர் 10 டெசிபல் அளவுக்குக் கூடுதலாக இருந்தால்தான் இரண்டும் சமமாகத் தோன்றுகின்றன. இரண்டாவது ஒலி தனியாகக் கேட்காது, ஆனால் ஒலியின் பருமன் கூடும். நமக்கு வேண்டியது அச்சு அசல் இதுவே.

முதலில் பின் ஸ்பீக்கர்களையும் முன்பக்கத்தோடு சமன் செய்யுங்கள். மேலே சொன்ன அளவில் பின் வலது 1.45, பின் இடது 0.43 மில்லி செகண்ட். இரண்டிலும் 15 சேருங்கள்: 16.45, 15.43. இதுதான் தொடக்கப் புள்ளி. 12 முதல் 20 வரை நகர்த்திப் பார்க்கலாம். ஹாஸ் சோதித்தது பேச்சை வைத்து. தாள வாத்தியத்தில் காது இன்னும் கூர்மையாக இருக்கும், அதனால் 20-ஐத் தாண்ட நான் விரும்புவதில்லை.

சோதிக்க மிருதங்கத்தை விட நல்லது எதுவும் இல்லை. வலந்தலையில் (மிருதங்கத்தின் வலப்பக்க முகத்தில்) விழும் சாப்பு வெடிப்பாக, ஒரே புள்ளியில் விழும் சொல் (ஒரு தட்டின் ஒலி). தாமதம் அதிகமானால் அந்தச் சாப்புக்கு வால் முளைக்கும், இரண்டாவதாக ஒரு சின்னத் தட்டு பின்னால் ஒட்டிக்கொள்ளும். வேகமான ஃபரன்களில் (தட்டுகள் விடாமல் ஓடும் வாசிப்பில்) சொற்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். வால் மறையும்வரை இரண்டு இரண்டு மில்லி செகண்டாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். 10-க்கும் கீழே போகும்படி ஆனால் குற்றம் தாமதத்தில் இல்லை. பின்பக்க அளவு அதிகமாக இருக்கிறது என்று அர்த்தம்.

குரலைப் பின்னால் வரவிடாமல் தடுப்பது

இதுவரை செய்ததே நன்றாக இருக்கும். டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் பெட்டி) வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி போகலாம், எனக்கு மிகவும் பிடித்த படி.

ஸ்டீரியோ பதிவில் குரல் இடதிலும் வலதிலும் ஒரே அளவில் இருக்கும், அதனால்தான் நடுவில் கேட்கிறது. இடது சிக்னலிலிருந்து வலதைக் கழித்துவிட்டால் நடுவில் இருந்த குரல் போய்விடும். பக்கத்துக்குத் தள்ளி வைத்த வாத்தியங்களும், மண்டபத்தின் முழக்கமும், கைதட்டலும் மிஞ்சும். பின் ஸ்பீக்கருக்கு அனுப்ப இதைவிடப் பொருத்தமான சிக்னல் இல்லை. அமெரிக்காவில் டேவிட் ஹாஃப்லர் 1970-களின் தொடக்கத்தில் வீட்டு ஸ்டீரியோவுக்கு வெறும் வயர் இணைப்பிலேயே இதைச் செய்து பரப்பினார். காரில் அந்த வயர் வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஹெட் யூனிட்டின் உள்ளே இருக்கும் ஆம்ப் அதற்காகச் செய்யப்பட்டதல்ல, அதன் ஐசி (சிப்) போய்விடும். டிஎஸ்பியில் செய்வதுதான் பாதுகாப்பு.

இன்புட் மிக்சர் பக்கத்தில் பின் இடது அவுட்புட்டுக்கு இடது இன்புட் 50 சதவீதம், வலது இன்புட் 50 சதவீதம் கொடுத்து, வலதுக்கு மட்டும் ஃபேஸை (அலையின் ஏற்ற இறக்கத்தை) தலைகீழாக்குங்கள். பின் வலதுக்கும் அதே கலவை, ஆனால் இம்முறை இடதின் ஃபேஸ் தலைகீழ். இரு பின் ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று எதிர் ஃபேஸில் ஓடும். அதனால் ஒலி எந்த ஒரு கதவிலும் ஒட்டாமல் பரவி நிற்கும்.

சில யூனிட்டின் மிக்சரில் ஒரு இன்புட்டின் ஃபேஸை மட்டும் திருப்ப வசதி இருக்காது. அப்போது ஹெட் யூனிட்டின் பின் ஸ்பீக்கர் வயர்களை டிஎஸ்பியின் 3, 4-வது ஹை லெவல் இன்புட்டில் (ஸ்பீக்கர் வயரை நேராக ஏற்பது) கொடுத்து, 4-வதில் மட்டும் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிப் போடுங்கள். மிக்சரில் 3-ஐயும் 4-ஐயும் கூட்டினால் கழித்தல் தானாக நடந்துவிடும். இரு பின் கதவுக்கும் இந்த ஒரே கூட்டுத்தான். ஒன்றின் அவுட்புட் ஃபேஸை மட்டும் திருப்பிவிடுங்கள். ஃபேடர் நடுவில் இருக்க வேண்டும். இதைச் செய்யும் முன் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: இன்புட்டின் மைனஸ் முனைகள் எல்லாம் உள்ளே கிரவுண்டோடு சேர்ந்திருந்தால் இந்த வழி வேண்டாம், ஹெட் யூனிட் ஷார்ட் ஆகும்.

சரியாக வந்ததா என்று பார்க்க, மோனோவில் பதிவான 1950-களின் பழைய சினிமாப் பாட்டு ஒன்று போடுங்கள். முன் ஸ்பீக்கரை மியூட் செய்துவிட்டுப் பின்னால் காதை வையுங்கள். மோனோவில் இடதும் வலதும் ஒன்றே, கழித்தால் பூஜ்யம். பின் கதவு முழு அமைதியாக இருக்க வேண்டும். மெல்லிய குரல் கேட்டால் இரு பக்க அளவும் சமமாக இல்லை, ஹெட் யூனிட்டின் பேலன்ஸைப் பாருங்கள். முழுக் குரலும் கேட்டால் ஃபேஸ் திரும்பவே இல்லை. பழைய பாட்டைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கி வெளியிட்டவையும் உண்டு, அவை இந்தச் சோதனைக்கு ஆகாது.

பாட்டின் தரமும் இங்கே வெளிச்சமாகும். குறைந்த பிட்ரேட் எம்பி3-யில் இடம் மிச்சம் பிடிக்கப் பெரும்பாலும் இந்தக் கழித்தல் பகுதியைத்தான் முதலில் நசுக்குகிறார்கள். முன்னால் கேட்கும்போது தெரியாது. பின்னால் தனியாகக் கேட்டால் தண்ணீருக்குள் சலசலப்பது போல இருக்கும். செட் செய்யும்போது ஃபிளாக் (தரம் குறையாத ஃபைல்) அல்லது 320 கேபிபிஎஸ் பாட்டை பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், ப்ளூடூத் வேண்டாம்.

எவ்வளவு சத்தம்

இதுதான் பொறுமை கேட்கும் இடம். போனில் சவுண்ட் மீட்டர் ஆப் போட்டு, முன்பக்கம் மட்டும் ஓடும்போது ஒரு அளவு, பின்பக்கம் மட்டும் ஓடும்போது ஒரு அளவு எடுங்கள். பின்பக்கம் 8 முதல் 10 டெசிபல் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். அதன்பின் மீட்டரை ஓரம் வைத்துவிடலாம்.

நேரடிக் கச்சேரிப் பதிவு ஒன்று எடுங்கள். சபாவில் உட்கார்ந்து பார்ப்பது போல மிருதங்கம் இடப்பக்கமும் வயலின் வலப்பக்கமும் வரும்படி பதிந்ததாக இருந்தால் மிக நல்லது. ஆலாபனை ஓடும்போது பின்பக்கத்தை மெதுவாக ஏற்றுங்கள். ஒரு கட்டத்தில் தலையைத் திருப்பாமலேயே "இதோ இந்தக் கதவு பாடுகிறது" என்று விரலால் காட்ட முடியும். அங்கிருந்து 3 டெசிபல் இறக்குங்கள். இப்போது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்தைச் சட்டென்று மியூட் செய்யுங்கள். குரல் நகரக் கூடாது. ஆனால் அதைச் சுற்றி இருந்த இடம் டேஷ்போர்டு அளவுக்குச் சுருங்க வேண்டும். மியூட்டை எடுத்தால் மறுபடி விரிய வேண்டும். பாட்டு முடிந்து சபையார் கைதட்டும்போது கைதட்டல் தோள் வரை வந்து சூழும், பாடகர் இருந்த இடத்திலேயே இருப்பார். அது வந்துவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். மியூட் செய்தும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் 1 டெசிபல் ஏற்றுங்கள், அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம்.

டிஎஸ்பி இல்லாதவர்களுக்கு

சாதாரண ஹெட் யூனிட்டிலும் பாதி தூரம் போகலாம். பின் ஸ்பீக்கர் கோஆக்சியல் என்றால் நடுவில் இருக்கும் ட்வீட்டரின் ஒரு வயரைக் கழற்றி டேப் ஒட்டிவிடுங்கள். பின் பிளஸ் வயரில் 100 மைக்ரோஃபாரட் நான்-போலார் கெபாசிட்டர் ஒன்றை சீரீஸில் சேருங்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது 400 ஹெர்ட்ஸ் அளவில் வெட்டும். சாதாரண போலார் வகையைப் போடாதீர்கள், அது ஸ்பீக்கர் சிக்னலில் நிலைக்காது. மீதியை ஃபேடர் பார்த்துக்கொள்ளும்: முன்பக்கமாக முக்கால் பங்கு தள்ளி, மேலே சொன்ன கச்சேரிச் சோதனையைச் செய்யுங்கள்.

டைம் அலைன்மென்ட் இருக்கும் யூனிட் என்றால் தாமதமும் கொடுக்கலாம். 15 மில்லி செகண்டுக்கு 5 மீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். பல யூனிட்டில் எண் அவ்வளவு போகாது. போகிறவரை போங்கள், 8 அல்லது 10 மில்லி செகண்ட் கிடைத்தாலும் பலன் தெரியும். தூரம் எழுதும் வகை யூனிட்டில் பின் எண்ணைக் கூட்டினால் நேர்மாறாக நடக்கும். அங்கே பின் எண்ணை அளந்தபடி விட்டுவிட்டு, முன் ஸ்பீக்கர்கள் எல்லாவற்றிலும் ஒரே அளவைக் கூட்ட வேண்டும். சப்வூஃபர் இருந்தால் அதன் எண்ணிலும் அதே அளவு.

பின் சீட்டில் ஆள் இருந்தால்

மேலே சொன்னதெல்லாம் ஓட்டுநருக்காக. பின்னால் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்தால் அவர்களுக்குக் குரலில்லாத, மங்கலான முழக்கம்தான் பக்கத்தில் கேட்கும். அது நியாயமில்லை. டிஎஸ்பியில் இரண்டாவது பிரீசெட் ஒன்று போட்டுவிடுங்கள்: பின்னால் முழு ஸ்டீரியோ, கூடுதல் தாமதம் இல்லை, லோ பாஸ் இல்லை, ஹை பாஸ் 80 ஹெர்ட்ஸ், அளவு முன்பக்கத்தைவிட 3 டெசிபல் மட்டும் குறைவு. நான் பொருத்தும் வண்டிகளில் இதைக் கேட்காமலேயே போட்டுக் கொடுப்பேன், பிரீசெட் மாற்றும் ரிமோட்டை கியர் பக்கத்தில் ஒட்டிவிடுவேன்.

கடைசியாக வண்டியை ரோட்டில் எடுத்துப் பாருங்கள். நிறுத்தி வைத்துச் செய்த செட்டிங்கில் பின்பக்க முழக்கத்தை டயர் சத்தம் விழுங்கிவிடும். ஏசியை வழக்கமான வேகத்தில் வைத்து, கண்ணாடியை ஏற்றி, 60 கி.மீ. வேகத்தில் இன்னொருவர் ஓட்ட, நீங்கள் பக்கத்து சீட்டிலிருந்து பின்பக்கத்தை 1 டெசிபல், தேவைப்பட்டால் 2 டெசிபல் ஏற்றுங்கள். குரல் எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டியவர் ஓட்டுகிறவர்தான். அவர் சரி என்றதும் சேவ் செய்து, எண்களை ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வைத்துவிடுங்கள். பேட்டரி மாற்றும்போது சில யூனிட்டில் எல்லாம் அழிந்துவிடும்.